மேனேஜர் குதிக்கக் கூடாது

ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி இருநூற்றுச் சொச்சம் வீடுகளில் போன் மணியடிக்கும். எடுத்தவர் ஹலோ சொல்லி முடிப்பதற்குள், "மாத்திரை குடுத்தாச்சா?" என்று ஒரு குரல் கேட்கும். வணக்கமும் கிடையாது, நலம் விசாரிப்பும் கிடையாது. எந்த மாத்திரை என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டவர்களுக்கு அன்றைய காலை வேலை அம்பேல். கொசு நாயைக் கடிப்பது, கடித்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத புழுக்குஞ்சை இறக்கிவிடுவது, அது ஆறேழு மாதத்தில் ஒரு சாண் நீளத்துக்கு வளர்ந்து இதயத்திலும் நுரையீரல் குழாயிலும் குடித்தனம் நடத்துவது, மாதம் ஒரு மாத்திரை போட்டால் குஞ்சிலேயே அதன் கதை முடிவது என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்த பிறகுதான் போனை வைக்க விடுவாள்.

குரலுக்குச் சொந்தக்காரி, பிராணிகள் மருத்துவமனையின் முன்மேசையில் பதினெட்டு வருடமாக உட்கார்ந்திருப்பவள். வயது ஐம்பத்திரண்டு. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்றவர்களுக்கெல்லாம் அவள் கொசு அக்கா. முதலில் முதுகுக்குப் பின்னால்தான் அப்படிக் கூப்பிட்டார்கள். "முன்னாடியே கூப்பிடுங்க, அப்பவாவது கொசு ஞாபகம் வரும்" என்று அவளே உத்தரவு போட்டுவிட்டாள்.

அவளிடம் சாக்குச் சொல்லித் தப்பித்தவர் யாருமில்லை. "எங்க வீட்ல கொசுவே கிடையாதுங்க" என்றார் ஒரு வங்கி அதிகாரி. "அட்ரஸ் சொல்லுங்க, நாங்க எல்லாரும் அங்கயே குடிவந்துடறோம்" என்றாள். எங்கள் நாய் வெளிநாட்டு ஜாதி என்று பீற்றிக்கொண்ட அம்மாளுக்கு, "நாய் வெளிநாடா இருக்கட்டும், கொசு உள்ளூர்தானே" என்று பதில் போயிற்று. குளிர்காலத்தில் எதற்கு மாத்திரை என்று கேட்ட ஒருவரிடம், "ஏன், கொசு உங்ககிட்ட லீவு லெட்டர் குடுத்துட்டுப் போச்சா?" என்று கேட்டாள். அவர் அதற்குப் பிறகு ஒன்றாம் தேதி காலையில் போனைத் தன் மனைவியிடம் கொடுத்துவிட்டு நடைப்பயிற்சிக்குக் கிளம்பிவிடுகிறார்.

இத்தனைக்கும் அவள் இந்த வேலைக்கு வந்தது இரண்டே வாரத்துக்கு, லீவில் போன ஒருத்திக்குப் பதிலாக. நாய் என்றால் அவளுக்கு அலர்ஜி, பூனை என்றால் அருவருப்பு. இரண்டாவது வாரம் ஒரு தையல்காரர் தன் நாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். இருமல், உப்பிய வயிறு, வெளுத்த ஈறு. அப்போதிருந்த பெரிய டாக்டர் ஸ்கேன் திரையைத் திருப்பிக் காட்டினார். இதயத்துக்குள் நூல் நூலாக ஏதோ நெளிந்துகொண்டிருந்தது. இது எப்படி உள்ளே போயிற்று என்று அவள் கேட்க, கொசு என்றார் டாக்டர். அவளுக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. இவ்வளவு பெரிய நாயை இவ்வளவு சின்ன ஒன்றா? மறுநாள் அந்த நாய் எடை பார்க்கும் மேடையிலேயே செத்தது. தையல்காரர் வெறும் சங்கிலியைச் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு போனார். லீவில் போனவள் திரும்பி வந்தபோது கொசு அக்கா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

அவளுடைய கணவர் குஷன் வேலை செய்கிறவர். வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளிக் கடை. சோபாவுக்குத் துணி மாற்றுவது, நாற்காலிக்குப் பஞ்சு வைப்பது, கார் சீட்டு தைப்பது எல்லாம் செய்வார். பேச்சில் கஞ்சன். மனைவி பேசுகிற பேச்சுக்கு வீட்டில் இன்னொருவரும் பேசினால் தாங்காது என்று விட்டுவிட்டாரோ என்னவோ. ஒருநாள் தெருவிலிருந்து ஒரு குட்டி நாய் கடைக்குள் நுழைந்து, இருப்பதிலேயே விலை உயர்ந்த நாற்காலியில் ஏறிப் படுத்து, அவர் வேலை செய்வதைச் சாயங்காலம் வரை பார்த்துக்கொண்டிருந்தது. வேலை செய்கிறவனை உட்கார்ந்தபடி பார்க்கிற பிராணிக்கு வேறு என்ன பெயர் வைப்பது? மேனேஜர் என்று வைத்தார். பின்னாலேயே ஒரு பூனையும் வந்து சேர்ந்தது. வாடகைக்கு இருப்பவர்களைப் பார்ப்பதுபோல் அது அவர்களைப் பார்த்ததால் அதன் பெயர் ஹவுஸ் ஓனர் ஆயிற்று.

தினமும் சாயங்காலம் ஆறரைக்கு கேட் சத்தம் கேட்டதும் மேனேஜருக்குப் பைத்தியம் பிடிக்கும். கூடத்திலிருந்து பாய்ந்து வந்து, முன்னங்கால் இரண்டையும் அவள் மார்பில் வைத்து, மூக்கு முகவாய் பாராமல் நக்கித் தீர்த்துவிடும். "சீ, தள்ளுடா. மூஞ்சியப் பாரு. பத்து வருஷம் ஜெயில்ல இருந்துட்டா வரேன்?" என்று தினமும் திட்டுவாள். உண்மையைச் சொன்னால், அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் அவள் பஸ்ஸைத் தவறவிடாமல் ஓடிவந்தாள். வேறு யாரும் அவளைப் பார்த்து அப்படி மகிழ்ந்ததில்லை. அவள் போன் என்றாலே ஊர் நடுங்குகிறபோது, மகிழ வேறு யார் இருக்கிறார்கள்?

வீட்டில் மருந்து கொடுப்பதில் ஒரு பங்கீடு இருந்தது. பூனைக்குப் பிடரியில் விடுகிற சொட்டு மருந்து அவள் பொறுப்பு. பூனைக்குப் புழு வந்துவிட்டால் அதைக் கொல்ல மருந்தே கிடையாது என்பதால் அதில் யாரையும் நம்பமாட்டாள். நாலு கீறல் வாங்கியாவது விட்டுவிடுவாள். நாய்க்கு மாத்திரை அவர் பொறுப்பு. பதினெட்டு வருடமாக மருந்து வாசனை ஊறிய அவள் கையை வாயருகே கொண்டுபோனாலே மேனேஜர் பல்லைப் பூட்டிச் சாவியை விழுங்கிவிடும். அவர் ரொட்டித் துண்டில் வெண்ணெய் தடவி, நடுவில் மாத்திரையைப் புதைத்துக் கொடுப்பார். அவள் சமையலறையிலிருந்து குரல் கொடுப்பாள்.

"ஏங்க, முழுங்கிச்சா?"

"முழுங்கிடுச்சு."

உடனே காலண்டரில் ஒரு டிக். இரண்டு வருடத்தில் ஒரு டிக்கூட விடுபடவில்லை. ஊரில் உள்ள நாய்களையெல்லாம் வருடத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனைக்கு இழுத்து வரச் சொன்னவள், தன் நாயைக் கொண்டுபோகவில்லை. டிக்கெல்லாம் இருக்கும்போது டெஸ்ட் எதற்கு என்று இருந்துவிட்டாள். மேனேஜர் மாடிப்படியில் மூன்றாவது படியிலேயே நின்று மூச்சுவாங்க ஆரம்பித்தபோதும், "தின்னுட்டுத் தின்னுட்டுத் தொப்பை போட்டுடுச்சு" என்று ரொட்டியைப் பாதியாகக் குறைத்தாள். அவ்வளவுதான்.

ஊராருக்கெல்லாம் சோபா தைத்தவர், பத்து வருடமாகக் கிழிந்து கிடந்த தன் வீட்டுச் சோபாவைப் பிரிப்பதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மனம் வைத்தார். மேனேஜர் வழக்கமாகப் படுக்கிற மூலையில் துணியைக் கிழித்தார். பஞ்சுக்கும் கட்டைக்கும் நடுவிலிருந்து ஒவ்வொன்றாக விழுந்தன. பாதி கரைந்து, முடி ஒட்டி, பழுப்பேறிய மாத்திரைகள். பதினான்கு.

மேனேஜர் ரொட்டியை மட்டும் தின்றுவிட்டு, மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு போய், யார் கண்ணிலும் படாமல் சோபா இடுக்கில் சேமித்து வைத்திருக்கிறது. மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்ததும் அது பால்கனிப் பக்கம் நழுவியது. குஷன்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

"முழுங்கிச்சான்னு கேட்டேனே! மாசா மாசம் கேட்டேனே!"

"முழுங்கிடுச்சுன்னுதான் நெனச்சேன். ரொட்டி போச்சே."

"ரொட்டி போச்சாம். புழு வராம இருக்க ரொட்டியா குடுத்தோம்?"

ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதித்தாள். அவர் கத்தரிக்கோலைக் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டே இருந்தார். அரைமணி நேரம் கத்தியபின் திடீரென்று நிறுத்தினாள். கையைப் பார்க்காதீர்கள், தொண்டையைப் பாருங்கள் என்று இருநூறு வீட்டுக்குச் சொல்லிக்கொடுத்தவள், சொந்த வீட்டில் சமையலறையை விட்டு வெளியே வந்து பார்த்ததில்லை. அதுதான் அவளைச் சுட்டது. திட்டுவதற்கு ஆள் தேடி ஊரெல்லாம் சுற்றினாலும் கண்ணாடி முன்னால்தான் வந்து நிற்க வேண்டியிருந்தது.

மறுநாள் மருத்துவமனையில் மேனேஜரின் காலிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்துப் பரிசோதனைப் பட்டையில் விட்டார்கள். ஒரு கோடு வந்தால் நிம்மதி. இரண்டு கோடு வந்தால் புழு. எட்டு நிமிடம். அவள் பட்டையை ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தாள், விளக்கடியில் வைத்துப் பார்த்தாள்.

"லைட் சரியில்ல டாக்டர்."

இப்போதிருக்கும் டாக்டர் அவளைவிட இருபது வயது இளையவர். வேலை கற்றுக்கொள்ள வந்த நாளிலிருந்து இவளிடம் திட்டு வாங்கியவர். "அக்கா, ரெண்டு கோடு" என்றார் மெதுவாக.

பிறகு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் கணவன் மனைவி இருவரையும் உட்கார வைத்தார். காப்பாற்ற முடியும். முதலில் ஒரு மாதம் மாத்திரை. அப்புறம் முதுகுத் தசையில் ஓர் ஊசி. அதற்கு ஒரு மாதம் கழித்து, அடுத்தடுத்த நாளில் இரண்டு ஊசி. அதன்பின் ஏழெட்டு வாரம். "மருந்து புழுவக் கொன்னுடும். ஆனா செத்த புழு வெளிய வராது. துண்டு துண்டா நுரையீரலுக்குத்தான் போகும். அந்த நேரத்துல இவன் ஓடினாலோ குதிச்சாலோ ரத்தம் வேகமா ஓடும். துண்டு போய் எங்கயாவது அடைச்சுக்கும். அடைச்சா போச்சு. அதனால நாலு மாசம் படுத்தே கிடக்கணும். ஒரு குதி கூடக் கூடாது."

"எங்கயும் விடமாட்டோம் டாக்டர், கட்டியே வெச்சிருக்கோம்" என்றாள் அவள்.

"வீட்ல எப்ப ரொம்பக் குதிப்பான்?"

குஷன்காரர் மனைவியைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "இவ வரும்போதுதான்" என்றார்.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "அப்ப அக்கா, நீங்க அவன் கண்ணுல படாதீங்க."

அவள் கையில் பிடித்திருந்த நாய்ச் சங்கிலியைக் கணவரிடம் கொடுத்தாள்.

அன்றே மேனேஜர் கடைக்கு இடம் மாறியது. குஷன்காரர் கட்டையடித்துக் கம்பி வைத்து, உள்ளே நாலு அங்குலப் பஞ்சு வைத்த மெத்தை போட்டு ஒரு கூண்டு செய்தார். பணக்கார வீட்டுச் சோபாவுக்குக்கூட அவர் அப்படிப் பஞ்சு வைத்ததில்லை. அவரும் பாயைச் சுருட்டிக்கொண்டு கடைக்கே போய்விட்டார். வீட்டில் அவளும் ஹவுஸ் ஓனரும். ஆறரைக்கு கேட்டைத் திறந்தால் பூனை ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்ளும். வாடகைக்காரி வந்துவிட்டாள், அவ்வளவுதான்.

முதல் வாரம் போனில் பேசினாள். ஸ்பீக்கரில் அவள் குரல் கேட்டதும் கூண்டுக்குள் மேனேஜர் எழுந்து சுற்ற ஆரம்பித்தது. "வெச்சிடு வெச்சிடு" என்று அவர் பதறி, போனையே அணைத்துவிட்டார். அதன்பின் எழுத்தில் மட்டும்தான். பேச்சில் கஞ்சனான மனிதர் எழுத்தில் இன்னும் மோசம். 'சாப்பிட்டான்.' 'தூங்கறான்.' 'ஒண்ணுக்குப் போனான்.' அதை அவள் ஒரு நாளைக்குப் பத்து தடவை படித்தாள்.

ஒன்றாம் தேதி வந்தது. வழக்கம்போல் இருநூற்றுச் சொச்சம் போன். மாத்திரை கொடுத்தாச்சா என்பதோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்திருந்தது. "முழுங்கினத உங்க கண்ணால பாத்தீங்களா?" வெளிநாட்டு ஜாதி நாய்க்காரம்மாள் சும்மா இருப்பாளா? "எங்களையே கேக்கறீங்களே, உங்க நாய் முழுங்குதா?" என்றாள்.

"இல்லம்மா. எங்க நாய் முழுங்கல. நான் பாக்கல. இப்ப அதுக்குப் புழு."

அந்தப் பக்கத்திலிருந்து "அடடா" என்று ஒரு குரல். அதில் வருத்தம் முக்கால்வாசி, சந்தோஷம் கால்வாசி. அந்தக் கால்வாசிக்கு அந்தம்மாளுக்கு உரிமை இருக்கிறது என்று கொசு அக்கா விட்டுவிட்டாள்.

ஊசி நாட்களில் மேனேஜர் மருத்துவமனைக்கு வந்தாக வேண்டும். அவள் மருந்து அடுக்கும் அறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டாள். உள்ளே நுழைந்ததுமே நாய் அவளுடைய காலி நாற்காலியை மோப்பம் பிடித்து, வாலை ஆட்டிக்கொண்டு மேசைக்கு அடியில் தேடுவதும், குஷன்காரர் "வாடா, வாடா கண்ணு" என்று கெஞ்சி இழுப்பதும் கதவு வழியாகக் கேட்டது. பிறகு ஊசி முதுகில் இறங்கியபோது ஒரு வீறல். அவள் சட்டைக் கையைப் பல்லால் கடித்துக்கொண்டு, அலமாரியில் இருந்த பஞ்சுப் பொட்டலங்களை எண்ணினாள். எத்தனை என்று இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது.

மூன்றாவது ஊசி போட்ட ஆறாம் நாள் மதியம் செய்தி வந்தது. 'மூச்சு வாங்குது. இருமறான். லேசா ரத்தம்.' அவள் அதை டாக்டரிடம் நீட்டினாள். டாக்டர் பையை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் பறந்தார். இவள் பஸ் பிடித்து, கடைக்கு எதிர்ப்பக்கம் உள்ள பஸ் ஸ்டாப்பில் இறங்கி, அங்கேயே நின்றாள்.

தெரு அகலம் முப்பது அடி இருக்கும். கடைக்குள் டாக்டரின் முதுகு தெரிந்தது. கணவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மருந்து பாட்டில் போல் எதையோ உயரத் தூக்கிப் பிடித்திருப்பது தெரிந்தது. நாய் தெரியவில்லை. ஓடிப்போய்ப் பார்க்கக் கால் துடித்தது. அவள் போனால் அது எழுந்திருக்கும். எழுந்தால் குதிக்கும். குதித்தால் முடிந்தது. பஸ் வந்து நின்றபோதெல்லாம் கடை மறைந்தது. போனபின் மறுபடி தெரிந்தது. "ஏறும்மா, எங்க போகணும்?" என்று மூன்று கண்டக்டர்கள் கேட்டார்கள். அவள் பஸ் நகர்ந்து கடை தெரிகிறதா என்று எட்டி எட்டிப் பார்த்தாள்.

வெயில் சாய்ந்தபின் குஷன்காரர் வாசலுக்கு வந்தார். அவளைப் பார்த்தார். வராதே என்று கையைக் காட்டினார். பிறகு அதே கையைத் தன் நெஞ்சில் வைத்து, மெல்லத் தலையாட்டினார். மூச்சு சீரானது என்று அவள் புரிந்துகொண்டாள். பஸ் ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்து, முட்டியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அந்த ஏழெட்டு வாரமும் ஒருவழியாகக் கழிந்தது. டாக்டர் மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். "நல்லா இருக்கான் அக்கா. இனி கொஞ்சம் கொஞ்சமா நடக்கலாம். நீங்களும் போய்ப் பாக்கலாம்."

அவள் போகவில்லை.

முதல் நாள் வேலை இருக்கிறது என்றாள். இரண்டாம் நாள் தலைவலி என்றாள். ஊரார் சாக்குகளையெல்லாம் கிழித்துத் தொங்கவிட்டவள் இப்போது அதைவிட மட்டமான சாக்குகளைச் சொன்னாள். தினமும் சாயங்காலம் அந்த பஸ் ஸ்டாப் வரை வருவாள், முப்பது அடி தள்ளி நிற்பாள், அடுத்த பஸ்ஸில் வீட்டுக்குப் போய்விடுவாள். அவளுக்குப் பயம். நாலு மாதமாக, உன்னைப் பார்த்தால் அது செத்துப்போகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வாழ்ந்தவளுக்கு, டாக்டர் சொன்னவுடன் அதை மறக்க முடியவில்லை.

ஒன்பதாம் நாள் குஷன்காரர் கடையைப் பாதியில் விட்டுவிட்டு வெளியே வந்தார். ஒரு கையில் வார். மறுமுனையில் மேனேஜர். இளைத்து, கொஞ்சம் நரைத்து. இரண்டு பக்கமும் பார்த்து, நிதானமாகத் தெருவைக் கடந்தார்கள்.

"வேணாங்க. கொண்டுபோயிடுங்க. சொன்னா கேளுங்க" என்று அவள் பெஞ்சின் மறு ஓரத்துக்கு நகர்ந்தாள். அதற்குமேல் நகர இடமில்லை.

"நீ வரமாட்டேங்கற. அவன் எத்தன நாளைக்குப் பாத்துக்கிட்டே இருப்பான்?"

மேனேஜர் அவள் செருப்பை மோந்தது. முட்டியை மோந்தது. மூக்கு ஒரு நொடி நின்றது. அவ்வளவுதான். முன்னங்கால் இரண்டும் அவள் மார்பில், நாக்கு அவள் கண்ணில், காதில், மூக்கில். "குதிக்காதடா, பாவி, மெதுவா, மெதுவா" என்று கத்திக்கொண்டே அவள் இரண்டு கையாலும் அதன் விலா எலும்புகளைப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கைக்குக் கீழே இதயம் அடித்துக்கொண்டிருந்தது. அடுத்த அடி வருமா என்று காத்திருந்தாள். வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. ஓவென்று அழுதாள்.

பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு பெரியவர் பயந்துபோய்க் கிட்டே வந்தார். "என்னம்மா ஆச்சு? நாய் கடிச்சிடுச்சா?"

கொசு அக்கா கண்ணைத் துடைக்கவில்லை. துடைக்கக் கை இல்லை. மூக்கை மட்டும் உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"உங்க வீட்ல நாய் பூனை ஏதாவது இருக்கா?"

"ஒரு பூனை இருக்கு. ஆனா வீட்ட விட்டு வெளியவே விடறதில்ல."

"கொசுவையும் வெளியவேதான் வெச்சிருக்கீங்களா?" என்றாள் அழுதுகொண்டே. "உக்காருங்க. உங்க நம்பரச் சொல்லுங்க."